ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து 16 நாள்: டைல்ஸ் வேலைக்கு எப்போது திரும்பலாம்?

கல்லொட்டி_துறையூர்:

வயது 38. பதினைந்து வருடமாக டைல்ஸ் ஒட்டுகிறேன். வலது தொடை இடுக்கில் ஹெர்னியா (குடலிறக்கம்). திறந்து, மெஷ் (வலை) வைத்துத் தைத்து இன்றோடு 16 நாள். தையல் பிரித்தாயிற்று. நடந்தால் வலி இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழும்போதுதான் உள்ளே சுருக்கென்று இழுக்கிறது. தழும்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப் போயிருக்கிறது. தழும்பு ஓரமாகக் கயிறு போலக் கெட்டியாகத் தட்டுப்படுகிறது.

டிஸ்சார்ஜ் சீட்டில் ‘கனமான பொருள் தூக்கக் கூடாது’ என்று ஒரே வரி. எனக்கு எது கனம்? இரண்டடிக்கு இரண்டடி கல் நாலு இருக்கும் பெட்டி 30 கிலோவுக்குப் பக்கம் வரும். கல் ஒட்டும் பேஸ்ட் மூட்டை 20 கிலோ. இதுதான் தினப்படி வேலை. மேஸ்திரி திங்கள்கிழமை புது வீட்டுக்கு வரச் சொல்கிறார், மாடி வேலை. அம்மாவோ மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்காதே என்கிறார், மீனும் கத்தரிக்காயும் கண்ணில் காட்டுவதில்லை. உடம்பு உழைப்பில் இருப்பவர்கள் யாராவது இதைக் கடந்து வந்திருந்தால் சொல்லுங்கள்.

மண்டி_சுமை:

தம்பி, நான் அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவன், வயது 51. இரண்டு தடவை ஆபரேஷன் ஆனவன், அதுவும் ஒரே பக்கம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் தடவை 2009இல். மெஷ் இல்லை, வெறும் தையல்தான். இருபது நாளில் வலி போய்விட்டது. வலி போனால் உள்ளேயும் ஆறிவிட்டது என்று நினைத்தேன். வீட்டு நகை அடகில் இருந்தது, வட்டி ஏறிக்கொண்டிருந்தது. 22ஆம் நாள் லாரியில் ஏறி 75 கிலோ மூட்டையை முதுகில் வாங்கினேன். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வருடம் கழித்து அதே இடத்தில் மறுபடி புடைத்தது. சீக்கிரம் மூட்டை தூக்கியதாலா, பீடி இருமலாலா, தையல் மட்டும் போட்டதாலா என்று டாக்டரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த மூன்றில் இரண்டு என் கையில் இருந்தவை.

பயந்துகொண்டு தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, 2019இல்தான் மறுபடி செய்தேன், மெஷ் வைத்து. அப்போது டாக்டர் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. வலையின் கண்களுக்குள் சதை வளர்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்குச் சில வாரம் ஆகும், மேல் தோல் ஆறுவதை வைத்து உள்ளே கணக்குப் போடாதே என்றார். அதே டாக்டர்தான் அன்று சாயங்காலமே எழுப்பி நடக்கவும் விட்டார். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்துவிடும் என்றார். ஆக, அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிக் கட்டிலை விட்டு இறங்குங்கள். மீன், முட்டை, கத்தரிக்காய் எல்லாம் நான் சாப்பிட்டேன்; புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும் என்றார்கள்.

இரண்டாம் தடவை நான் திரும்பிய விதம் இது. முதல் வாரம் வீட்டைச் சுற்றி நடை. இரண்டாம் வாரம் கடைத்தெரு வரை. ஒரு மாதம் முடிந்து ஐந்து கிலோ, ஆறு வாரத்தில் பத்து. மூன்றாம் மாதம்தான் சின்னப் பை கேட்டு வாங்கித் தூக்கினேன். இது எனக்கு டாக்டர் சொன்ன கணக்கு, உங்களுடையது வேறாக இருக்கலாம். தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், விட்டுக்கொண்டே தூக்குங்கள். வண்டிக் கிக்கரை உதைக்காதீர்கள். கக்கூஸில் முக்குவதும் மூட்டை தூக்குவது மாதிரிதான் அடிவயிற்றை அழுத்தும். கீரை, வாழைப்பழம், நிறையத் தண்ணீர். பீடி சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். நான் ஆபரேஷனுக்கு ஒரு மாதம் முன்பு விட்டேன், இருமல் அடங்கியதே பாதி நிம்மதி.

காசு பிரச்சினைதான் நம்மை விரட்டுகிறது, தெரியும். இரண்டாம் தடவை என் கூட்டாளிகள் என்னை எடை பார்த்துக் கணக்கு எழுத வைத்து அரைப் பங்கு கொடுத்தார்கள். உங்கள் மேஸ்திரியிடம் நூல் பிடிப்பது, அளவு குறிப்பது, ஜாயிண்ட் (கல்லுக்கு நடுவே உள்ள இடுக்கு) அடைப்பது மட்டும் கேட்டுப் பாருங்கள். பெட்டியைக் கீழேயே உடைத்துக் கல்லை ஒவ்வொன்றாக வேறு ஆள் ஏற்றட்டும்.

வார்டு_அக்கா:

அறுவை சிகிச்சை வார்டில் செவிலியராக இருக்கிறேன். தழும்பு ஓரம் கெட்டியாக இருப்பது பெரும்பாலும் ஆறுகிற திசுதான், சில மாதத்தில் கரையும். மரப்பு அங்கே ஓடும் தோல் நரம்பால் வருவது. பலருக்குக் குறையும், சிலருக்குக் கொஞ்சம் நின்றுவிடும். ஆனால் நிற்கும்போதோ இருமும்போதோ புடைத்து, படுத்தால் உள்ளே போகிற வீக்கம் என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சல், தழும்பு சிவந்து சீழ் வடிவது, விரை வீங்கி வலிப்பது, சிறுநீர் வராமல் அடைப்பது, வயிறு உப்பி வாந்தி என்றால் அன்றே போங்கள்.

இன்னொன்று. ‘கனமான வேலை செய்யலாமா’ என்று கேட்டால் ‘கொஞ்ச நாள் வேண்டாம்’ என்றுதான் பதில் வரும். ‘பெட்டி 30 கிலோ, நாளைக்கு 40 பெட்டி, மாடிப்படி, நாள் முழுக்கக் குந்தியிருக்க வேண்டும்’ என்று சொல்லிக் கேளுங்கள். எத்தனையாவது வாரம் எத்தனை கிலோ என்று சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

கல்லொட்டி_துறையூர்:

அண்ணே, அக்கா, நன்றி. மேஸ்திரியிடம் பேசினேன். முதலில் முகம் கொடுக்கவில்லை. அவர் மச்சானுக்கும் இதே ஆபரேஷன் ஆனதாம், அதைச் சொல்லிவிட்டு அப்புறம் இறங்கி வந்தார். ஆறு வாரம் முடியும்வரை ஜாயிண்ட் வேலை மட்டும், பாதிக் கூலி. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன், கிலோ எழுதிக் கேட்கிறேன். ஜாயிண்ட் அடைப்பதும் குந்திச் செய்கிற வேலைதானே, அதற்கு என்ன செய்வது?

மண்டி_சுமை:

முட்டிக்கு ரப்பர் பேட் கட்டி, ஒரு முட்டி ஊன்றி, அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள். எழும்போது சுவரையோ வாளி விளிம்பையோ பிடிக்காமல் முதலில் பக்கவாட்டில் சாய்ந்து கையை ஊன்றி எழுங்கள். தும்மல் வந்தால் தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொள்ளுங்கள். வியாழன் டாக்டர் சொன்னதை இங்கே எழுதுங்கள் தம்பி, காத்திருப்பேன்.