கூட்டமாக இருக்கும் வண்ணத்துப்பூச்சிகளைக் கிளப்பிப் படம் எடுக்கலாமா?

பனங்கூடல்:
யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பக்கம் ஒரு பத்தையில் (புதரில்) நீல வரியனும் வெண்புள்ளிக் கருப்பனும் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியிருக்கும் காணொளி இப்போது எல்லா இடமும் சுற்றுகிறது. ஒரு பெடியன் கிளையைப் பிடித்து உலுப்புகிறான், முழுக் கூட்டமும் கிளம்புகிறது, மற்றவர் கமராவில் பிடிக்கிறார். கீழே வரைபடத்தோடு வழியும் போட்டிருக்கிறார்கள். இரண்டுமே பிழை என்பது என் கருத்து. உலுப்பி எடுக்கவும் கூடாது, வழியைப் பகிரங்கமாகப் போடவும் கூடாது.

கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில் பெத்தலூதெஸ் என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. கோடையில் ஒரு வகை அந்துப்பூச்சி ஆயிரக்கணக்கில் வந்து நிழலில் அசையாமல் இருக்கும். பார்க்க வந்தவர்கள் கைதட்டி, விசில் அடித்துக் கிளப்பினார்கள். ஒவ்வொரு தடவை பறக்கும்போதும் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்புச் செலவாகிறது. இனப்பெருக்கத்துக்கு வேண்டியதே அந்தக் கொழுப்புத்தான். எண்ணிக்கை குறைந்துகொண்டு போனதால் இப்போது அங்கே சத்தம் போடவே விடுவதில்லை. நாங்களும் அந்த நிலைமை வரும்வரை இருக்க வேண்டுமா?

கடற்கரைவீதி:
அண்ணை, அந்த உதாரணம் இங்கே பொருந்தாது. ரோட்ஸில் இருப்பது கோடை முழுக்க அநேகமாக ஒன்றும் உண்ணாமல் கிடக்கும் பூச்சி. எங்கள் வரியன்கள் அப்படியில்லை. கிளம்பினால் பக்கத்துப் பூவில் தேன் குடித்துவிட்டுத் திரும்பி வந்து இருக்கும். காற்றும் பறவைகளும் தினமும் கிளப்பத்தானே செய்கின்றன?

அப்புறம் இடத்தை மறைக்கிற கதை. மெக்சிக்கோவில் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் பனிக்காலத்தைக் கழிக்கும் காடுகளை வெளி உலகம் அறிந்தது 1975-ல். அடுத்த ஆண்டு நேஷனல் ஜியோகிரபிக் இதழில் படத்தோடு வந்தது. 1986-ல் அரசு அதைக் காப்பிடமாக்கியது, 2008-ல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. படம் வந்திருக்காவிட்டால் இதெல்லாம் நடந்திருக்குமா? இங்கே ஒருவருக்கும் தெரியாத பத்தைகளைத்தான் டோசர் விட்டுத் துப்புரவாக்குகிறார்கள். சுண்டிக்குளம் 1938-லேயே பறவைகள் சரணாலயம், 2015-ல் தேசியப் பூங்கா. வண்ணத்துப்பூச்சிக்காக இந்தப் பக்கம் ஒரு துண்டு நிலத்தையாவது ஒதுக்க வேண்டும் என்றால், சனம் முதலில் வந்து பார்க்க வேண்டும்.

பனங்கூடல்:
தம்பி, நீங்கள் சொன்ன அதே கட்டுரையில் காடு எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகச் சொல்லாமல் விட்டார்கள். வேண்டுமென்றேதான் விட்டார்கள். படம் உலகம் முழுக்கப் போனது, வழி போகவில்லை.

பறவைகள் கிளப்புகின்றன என்பதையும் ஏற்க முடியாது. வரியன்களின் உடம்பில் கசப்பான நச்சுப் பொருட்கள் இருக்கின்றன, பெரும்பாலான பறவைகள் அவற்றைத் தொடுவதில்லை. அதனால்தான் இவ்வளவு நிதானமாகக் கூடி இருக்கின்றன. அந்தக் கூட்டத்தைக் குலைப்பது நாங்கள்தான். வெயில்காலத்தில் பக்கத்துப் பூ என்று நீங்கள் சொல்வது எங்கே இருக்கிறது? தரவை வெளியில் எருக்கலை தவிர வேறு என்ன பூக்கிறது?

கடற்கரைவீதி:
கட்டுரையில் இடத்தை மறைத்தும் வேறு விஞ்ஞானிகள் அதிலிருந்த துப்புகளை வைத்தே அந்தக் காட்டைத் தேடிப் பிடித்தார்கள். ஊர்ச் சனத்துக்கு அது ஏற்கெனவே தெரிந்த இடம். மறைத்து என்ன கிடைத்தது?

சணல்தோட்டம்:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். இந்தப் பூச்சிகள் ஓரிடத்தில் கூடுவதற்கு எப்போதும் நிழல்தான் காரணம் என்றில்லை. எங்கள் தோட்டத்தில் பசளைக்காகச் சணல் (சணப்பை) விதைப்போம். வெட்டிப் போட்ட சணல் வாடத் தொடங்கியதும் வரியன்கள் வந்து மொய்க்கும். கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு வாடினாலும் இதே கதைதான். அந்தச் செடிகளில் ஒருவித அல்கலோய்ட், அதாவது செடி உண்டாக்கும் நச்சுப் பொருள், இருக்கிறது. பெரும்பாலும் ஆண் பூச்சிகள்தான் வரும், உறிஞ்சுகுழலால் வாடிய இலையை நனைத்து நனைத்து உறிஞ்சும். பெண்ணைக் கவரும் வாசனையை அதிலிருந்துதான் உண்டாக்குகின்றன. எதிரிகளிடமிருந்து பாதுகாப்பும் அதிலிருந்தே கிடைக்கிறது. அந்த நேரம் ஆள் பக்கத்தில் போய்க் குந்தினாலும் அசையாது.

ஆகவே உலுப்பிக் கிளப்பும்போது கொழுப்பு மட்டும் வீணாகவில்லை, அவை வந்த அலுவலையே கெடுக்கிறோம். படம்தான் வேண்டுமென்றால் வாடிய தேள்கொடுக்கில் ஒரு கட்டை வேலியில் தொங்க விட்டுப் பாருங்கள். பத்தைக்குள் போகவே தேவையில்லை.

வல்லைவெளி:
அக்கா, மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் உடன்பாடில்லை. கட்டித் தொங்கவிட்டு வரவழைத்த கூட்டத்தை “காட்டில் கண்ட அதிசயம்” என்று போடுவார்கள். பார்ப்பவர் நம்புவார். அது பொய்தானே.

சணல்தோட்டம்:
வாடிய செடியை வைத்துத்தான் எடுத்தேன் என்று படத்தின் கீழே ஒரு வரி எழுதினால் பொய் இல்லை. எழுதாவிட்டால் நீங்கள் சொல்வது சரி.

வல்லைவெளி:
சரி, அந்த ஒரு வரிக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தொங்கவிடுகிற செடிக்கு மருந்து அடித்திருக்கக் கூடாது. எங்கள் தோட்டங்களில் அது லேசான காரியமில்லை.

கடற்கரைவீதி:
எல்லாம் சரி. ஆனால் இறக்கை மூடி இருக்கிற கூட்டம் படத்தில் வெறும் சருகு மாதிரித்தான் தெரியும். பறக்கிற கூட்டத்தைக் காட்டினால்தான் ஆட்கள் நின்று பார்க்கிறார்கள்.

பனங்கூடல்:
பறக்கிற படத்துக்கு உலுப்பத் தேவையே இல்லை. விடியமுன்னம் போய் இருங்கள். இரவுக் குளிரில் பறக்கும் தசைகள் சூடேறாமல் இருக்கும், அதனால் அவை நகராது. அந்த நேரம் முக்காலியில் கமராவைப் பூட்டி, துவாரத்தை எஃப் 8 அல்லது 11-ல் வைத்து, இருக்கிற கூட்டத்தை எடுங்கள். கமராவை இறக்கைகளுக்குச் சமாந்தரமாகப் பிடித்தால் அத்தனையும் கூர்மையாக வரும். ஃபிளாஷ் வேண்டாம். வெயில் பத்தையில் விழுந்ததும் இறக்கையை விரிக்கும், கொஞ்ச நேரத்தில் தானாகக் கிளம்பும். அப்போது வேகத்தை 1/1000 வினாடிக்கு மேலே ஏற்றி வைத்திருங்கள். சூரியனை நோக்கி எடுத்தால் நீல வரியனின் இறக்கைப் புள்ளிகளுக்கூடாக வெளிச்சம் வரும். உலுப்பி எடுக்கிறவருக்குக் கிடைப்பது பயந்து சிதறுகிற பூச்சிகளின் முதுகுதான். அந்தக் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், ஒரு பூச்சியாவது ஒழுங்காகத் தெரிகிறதா?

இடத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. கண்ட உயிரினங்களை யாரும் பதியக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் இணையத்தளத்தில் பதியும்போது இடத்தை மங்கலாக்கி வைக்கலாம். வெளியே பார்ப்பவருக்குச் சுமார் 20 கிலோமீற்றர் அகலமான பரப்பு மட்டும்தான் தெரியும், சரியான புள்ளி உங்களிடம் பத்திரமாக இருக்கும். ஆய்வு செய்கிறவர் கேட்டால் கொடுக்கலாம்.

கடற்கரைவீதி:
விடியப்புறம் போய் எடுக்கிற யோசனை நல்லது, செய்து பார்க்கிறேன். கிளையை உலுப்ப வேண்டாம் என்று அந்தப் பெடியனுக்கும் எழுதுகிறேன், எனக்குத் தெரிந்த பிள்ளைதான். வழியையும் எடுத்துவிடச் சொல்கிறேன். ஆனால் இடத்தை மங்கலாக்குவதில் எனக்கு இன்னும் சம்மதமில்லை. அந்தக் காணிக்குப் பக்கத்தில் ஏற்கெனவே வேலி போட்டு வெட்டத் தொடங்கிவிட்டார்கள். பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதும்போது இந்தக் காணி, இந்தப் பத்தை, இன்ன மாதத்தில் இவ்வளவு பூச்சி என்று திட்டமாக எழுத வேண்டும். அதை நான் எழுதத்தான் போகிறேன். கையெழுத்து வைக்க விருப்பமானவர்கள் சொல்லுங்கள்.

பனங்கூடல்:
கடிதத்தில் இடத்தை எழுதுங்கள், அதற்கு நான் தடையில்லை. என் கையெழுத்தும் உண்டு. முகநூலில் மட்டும் போடாதீர்கள்.