தோஹால 1 மணி 45 நிமிஷம்தான், அம்மா தனியா, கால்முட்டு வலி வேற. நடந்து அடுத்த பிளைட்டைப் பிடிச்சிருவாங்களா?

தக்கலைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அம்மாவுக்கு 64 வயசு. தங்கச்சிக்கு மான்செஸ்டர்ல பிரசவம், அதுக்காக அடுத்த மாசம் போறாங்க. திருவனந்தபுரத்துல ஏறி தோஹால பிளைட் மாறணும், நடுவுல 1 மணி 45 நிமிஷம். ரெண்டும் ஒரே டிக்கெட்தான். கூட நான் போலாம்னா லீவு கிடைக்கல.

ரெண்டு முட்டும் தேய்மானம். சமதளம்னா பைய நடப்பாங்க, சந்தைக்குப் போய் மீன் வாங்கிட்டு வருவாங்க, ஆனா படி ஏறுனா பாதில நின்னு மூச்சு வாங்கணும், எஸ்கலேட்டர்ல இதுவரைக்கும் கால் வச்சதே கிடையாது. வீல்சேர் போட்டுரலாம்மான்னு சொன்னா "நான் என்ன கெடப்புல கெடக்கேனா"ன்னு கோவப்படுறாங்க. இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும் வாசிப்பாங்க, பேச வராது. மலையாளம் நல்லா பேசுவாங்க, பிறந்த வீடு களியக்காவிளை பக்கம்.

அங்க இறங்குற கேட்டுல இருந்து அடுத்த கேட்டுக்கு எவ்வளவு தூரம் நடக்கணும்? பெட்டிய தோஹால எடுத்துத் திரும்பப் போடணுமா? ராத்திரி இதை நெனச்சா தூக்கம் வரல, போய்ட்டு வந்தவங்க யாராவது சொல்லுங்க.

குளச்சல் கரை:
தங்கச்சி, நான் வருஷக்கணக்கா தோஹா வழியாப் போயிட்டு வாறவன், வெப்ராளப்படாதீங்க, சொல்லுகேன்.

பெட்டிய அங்க தொடவே வேண்டாம், ஒரே டிக்கெட்னா நேரா மான்செஸ்டர் போயிரும். ஆனா திருவனந்தபுரம் கவுண்டர்ல பெட்டில ஒட்டுற சீட்டுல மான்செஸ்டருக்கு உள்ள MAN-ங்கிற மூணு எழுத்து இருக்கான்னு நீங்க நின்னு பாத்துருங்க. ரெண்டு போர்டிங் பாஸும் அங்கேயே கேட்டு வாங்குங்க.

தோஹால இறங்குனதும் அரைவல்ஸ், டிரான்ஸ்பர்ஸ் ரெண்டு போர்டு வரும். அம்மா பாக்க வேண்டியது டிரான்ஸ்பர்ஸ். அதுல போனா இன்னொரு தடவ செக்யூரிட்டி செக் இருக்கு, அதைத் தாண்டி உள்ள போனா பெரிய ஹாலு, நடுவுல மஞ்சக் கலர்ல பெரிய கரடிப் பொம்மை இருக்கும், 7 மீட்டர் உயரம், தலைக்குப் பின்னால விளக்கு. அதைத் தெரியாதவங்க கிடையாது, வழி தெரியலன்னா அந்தக் கரடிகிட்ட வந்து நின்னுட்டு அங்க இருந்து திரும்பக் கேட்டா போதும். ஏ, பி கேட்டு எல்லாம் அந்த ஹாலுக்குப் பக்கம். சி, டி, இ உள்ள தள்ளிக் கெடக்கு. அதுக்குக் கட்டடத்துக்கு உள்ளேயே மேல ஒரு குட்டி டிரெயின் ஓடும், காசு கிடையாது, ரெண்டே ஸ்டேஷன். நின்னா தானே கொண்டு போற ஓடுற தரை, டிராவலேட்டரும் இருக்கு. இவ்வளவு இருந்தும் கடைசி கேட்டுன்னு வந்துட்டா நம்ம நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுல இறங்கி மணிமேடை வரைக்கும் நடந்த மாதிரி ஆயிரும். எந்த கேட்டுன்னு முன்கூட்டியே சொல்லவும் முடியாது, அன்னைக்கு ஸ்கிரீன்ல பாத்தாதான் தெரியும்.

இப்ப நேரத்தக் கணக்கு போடுங்க. பிளைட்ட விட்டு வெளிய வரவே 15, 20 நிமிஷம், சில நேரம் பஸ்ல கூட்டிட்டுப் போவாங்க. செக்யூரிட்டி வரிசை 20. அம்மா நடைக்கு அரை மணி. அடுத்த பிளைட்டோட கேட்ட, கிளம்புற நேரத்துக்கு முன்னாலேயே மூடிருவாங்க. கையில மிச்சம் அரை மணி நேரம்கூட வராது, அதுவும் முத பிளைட் சரியான நேரத்துக்கு இறங்குனாத்தான். எங்க அம்மாவா இருந்தா நான் நடக்க விட மாட்டேன்.

வடசேரி அக்கா:
எம்மா, வீல்சேர் போடு. எங்க மாமியாரும் இதே மாதிரிதான் அடம் பிடிச்சாங்க. வீல்சேர்னா ஒண்ணும் முடியாதவங்களுக்குன்னு நாம நெனைக்கோம், அப்படி இல்ல, அதுலேயே மூணு வகை இருக்கு. புக்கிங்ல டபிள்யூ சி ஹெச் ஆர் (WCHR)னு போட்டா நடப்பாங்க, படியும் ஏறுவாங்க, நீண்ட தூரம் மட்டும் முடியாதுன்னு அர்த்தம். எஸ்னு முடிஞ்சா படி ஏற முடியாது. சி ன்னு முடிஞ்சா பிளைட்ல உக்காருற சீட்டு வரைக்கும் தூக்கிட்டுத்தான் போகணும். உங்க அம்மாவுக்கு ஆர் போதும்னு தோணுது, பிளைட் படி ஏற முடியாதுன்னா எஸ். இதை அம்மாகிட்ட பிரிச்சுச் சொல்லு, "இது நடக்கவங்களுக்கு உள்ளதும்மா"ன்னு. காசு கிடையாது, குறைஞ்சது 48 மணி நேரத்துக்கு முன்னால சொல்லிரணும், ரெண்டு பிளைட்டுக்கும் ஏறிருக்கான்னு திரும்ப ஒரு போன் போட்டுக் கேளு.

ஆனா ஒண்ணு. ஒரு வளைகுடா ஏர்போர்ட்டுல எங்க மாமியாரைக் கொண்டு வீல்சேர்காரங்க காத்திருக்குற இடத்துல விட்டுட்டுப் போயிட்டாங்க, ஆளு மாறிட்டாங்க போல, அவங்களும் கேக்க பேடிச்சு அப்படியே இருந்துட்டாங்க, கடைசி நேரத்துல ஒரு மலையாளிப் பையன் பாத்து ஓட்டமா கொண்டு போனான். அதனால கைல ஒரு சீட்டு எழுதிக் குடு. இங்கிலீஷ்லயும் மலையாளத்துலயும், மான்செஸ்டர் போறேன், பிளைட் நம்பர் இது, கிளம்புற நேரம் இதுன்னு பெருசா. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ யாராவது யூனிபார்ம்காரங்ககிட்ட காட்டச் சொல்லு. மலையாளம் தெரிஞ்சவங்க வளைகுடால எந்த ஏர்போர்ட்டுலயும் கிடைப்பாங்க, அது அம்மாவுக்குப் பெரிய தைரியம்.

மார்த்தாண்டம் தேன்:
வாட்ச். யாரும் சொல்லல. தோஹா நேரம் நம்ம நேரத்தவிட ரெண்டரை மணி நேரம் பின்னால. போர்டிங் பாஸ்ல போட்டிருக்கது அந்த ஊரு நேரம். அம்மா கைக்கடிகாரத்துல நம்ம நேரம் ஓடிட்டிருந்தா பிளைட் போயிட்டுன்னு பதறிருவாங்க. பிளைட் இறங்கும்போதே மாத்தச் சொல்லுங்க.

இன்னொண்ணு, கைப்பையில ஊறுகாய், வெளிச்செண்ணெய், குழம்பு எதுவும் வேண்டாம். தோஹா செக்யூரிட்டில 100 மில்லிக்கு மேல உள்ள பாட்டில வெளிய எடுத்துருவாங்க, அங்க நின்னு வாதாடுற நேரத்துல வரிசையும் போகும் மனசும் உடையும். எல்லாம் பெரிய பெட்டில போட்டுருங்க, கொப்பரை மட்டும் அதுலயும் கூடாது. மாத்திரைய மட்டும் டாக்டர் சீட்டோட கைல வையுங்க.

தக்கலைக்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிக்கும்போதே கண்ணு கலங்கிட்டு. ஆர் எஸ் சி விஷயத்த அம்மாகிட்ட சொன்னேன், பதில் பேசல, ஆனா வேண்டாம்னும் சொல்லல. ஒருவேளை வீல்சேர் வராம நடக்க வேண்டி வந்தா எஸ்கலேட்டருக்கு என்ன செய்ய?

குளச்சல் கரை:
எஸ்கலேட்டர் பக்கத்துல லிப்ட் இருக்கும், வீல்சேர் படம் போட்டிருக்கும், அதைப் பாத்துப் போகச் சொல்லுங்க. டிராவலேட்டர்னா பயமே இல்ல, தரையோட தரையா ஓடும். முதல்ல கைப்பிடியப் பிடிக்கணும், அப்புறம் வலி கொறஞ்ச கால வைக்கணும், பைய முன்னால வச்சுக்கணும். முடியற இடத்துல கீழ பாத்து கால எடுத்து வச்சா போதும், நின்னுரக் கூடாது, பின்னால வாறவங்க வந்து இடிப்பாங்க. முடிஞ்சா ஒரு நாள் திருவனந்தபுரம் ஆக்குளம் லூலு மாலுக்குக் கூட்டிட்டுப் போய் நாலு தடவ எஸ்கலேட்டர்ல ஏத்தி இறக்குங்க, கூட நீங்க நில்லுங்க. முத தடவ பிள்ளை கையப் பிடிச்சுட்டுப் பழகுறது வேற, யாரும் இல்லாத ஊருல பழகுறது வேற.

வாட்ஸப் கால் அங்க பல நேரம் எடுக்காது, அதுக்குப் பதறாதீங்க. ஏர்போர்ட்டுல வைபை ப்ரீ, வாய்ஸ் மெசேஜ் போகும். போன்ல அதை இங்கேயே பழக்கி விடுங்க.

தக்கலைக்காரி:
அம்மா நல்லபடியாப் போய்ச் சேந்துட்டாங்க. உங்க எல்லாருக்கும் சொல்லணும்னு ஓடி வந்தேன்.

லூலு மாலுக்கு ரெண்டு நாள் போனோம். முத நாள் எஸ்கலேட்டர் முன்னால நின்னு அழுதுட்டாங்க, ரெண்டாவது நாள் என் கைய அவங்களே விட்டாங்க. வீல்சேர் தோஹால வாசல்லயே நின்னுச்சு, தள்ளுன தம்பி நேப்பாளமாம், செக்யூரிட்டில தனி வரிசைல விட்டுருக்காங்க. கேட்டு சி ல வந்துச்சு. கேட்டுகிட்ட போனதும் அம்மா எந்திரிச்சு பாத்ரூமுக்குத் தானே நடந்து போயிட்டு வந்திருக்காங்க. எழுதிக் குடுத்த சீட்ட மூணு பேருகிட்ட காட்டுனாங்களாம். கரடியையும் பாத்தாங்க, வண்டி நிக்கல, அதனால போட்டோ இல்லன்னு ஒரே வருத்தம்.

இப்ப ஒரு சந்தேகம். திரும்பி வரும்போது தோஹால மூணு மணி நேரம் இருக்கு. அப்ப நடந்தே போறேன், கரடிகிட்ட நின்னு போட்டோ எடுக்கணும்னு சொல்லுறாங்க. வீல்சேர கேன்சல் பண்ணவா?

வடசேரி அக்கா:
கேன்சல் பண்ணாத. புக்கிங் அப்படியே கெடக்கட்டும். பிளைட் வாசல்ல வண்டி நிக்கும்போது முட்டு நல்லா இருந்தா "வேண்டாம்"னு சொல்லிட்டு நடக்கலாம், வலிச்சா ஏறி உக்காரலாம். ஏறினாலும் கரடிகிட்ட ஒரு நிமிஷம் நிறுத்துன்னு மலையாளத்துல கேக்கச் சொல்லு.