கால்வாய் ஓரப் பாதைக்கு வேலி வேணுமா வேணாமா?

கரையோரவாசி:
கால்வாயை ஒட்டி நடக்க, சைக்கிள் ஓட்டன்னு பாதை போடுறாங்க, ஆனா ஓரத்துல ஒண்ணுமே இல்ல. போன வாரம் ராத்திரி எதிர்ல வந்த சைக்கிள் லைட்டு நேரா கண்ணுல அடிச்சுது, மழை வேற பெஞ்சிருந்துச்சா, பாதையும் தண்ணியும் ஒரே மாதிரி கறுப்பா பளபளன்னு தெரியுது, எது எதுன்னே புரியல, அப்படியே காலை ஊனி நின்னுட்டேன். முழு நீளத்துக்கும் வேலி போட்டே ஆகணும்.

பெடல்பித்தன்:
நண்பா, பயம் புரியுது, ஆனா ஒடுக்கமான பாதையில வேலி போட்டா ஹேண்டில்பார் மாட்டிக்கும்னு எல்லாரும் நடுவுக்கு வருவாங்க, நடக்குறவங்க மேலதான் மோதுவாங்க. இடுப்புக்குக் கீழ வேலி இருந்தா இன்னும் மோசம், சைக்கிள் நின்னுடும், ஆளு அதைத் தாண்டித் தண்ணிக்குள்ள. ஆம்ஸ்டர்டாம் கால்வாய் ஓரத்துல தாழ்வா ஒரு இரும்புக் கம்பி இருக்கே, அதுகூட கார் உருண்டு விழாம இருக்கத்தான். லைட்டைக் கொஞ்சம் கீழ சாய்ச்சு வச்சாலே உங்க பிரச்சினை பாதி தீரும்.

கரையோரவாசி:
அடுத்தவன் லைட்டை நான் எப்படிங்க சாய்க்க முடியும்?

நீச்சல்காரி:
ரெண்டு பேரும் விழாம இருக்குறதையே பேசுறீங்க, விழுந்தா எப்படி ஏறுறது? கான்கிரீட் சரிவுல தண்ணி மட்டத்துல பாசி இருக்கும். நான் ஒருதடவை கை வச்சுப் பார்த்தேன், நகத்துக்குள்ள பச்சையா ஏறுச்சே தவிர பிடி கிடைக்கல, நல்லா நீந்துற எனக்கே. அங்கங்க ஏணியோ சங்கிலியோ இருக்கணும். தண்ணி ரொம்பக் குளிரா இருந்தா விழுந்ததும் மூச்சு தன்னால உள்ள இழுக்கும், அப்ப நீந்தப் போகாம மல்லாந்து மிதக்கணும், ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல மூச்சு கட்டுக்குள்ள வரும். கரையில நிக்குறவங்க தயவுசெஞ்சு குதிக்காதீங்க. உதவிக்கு போன் பண்ணிட்டு, தரையோட படுத்துக்கிட்டு கயிறோ சேலையோ நீட்டுங்க, நின்னுக்கிட்டு இழுத்தா நீங்களும் உள்ள போயிடுவீங்க.

பெடல்பித்தன்:
ஏணிக்கு என் ஓட்டு உண்டு அக்கா. சைக்கிள்காரங்களும் பாலத்தடியில பெல் அடிச்சு மெதுவாப் போகணும், அந்த வளைவுல எதிர்ல யார் வர்றாங்கன்னே தெரியாது. ரெண்டு காதுலயும் இயர்போன் மாட்டிக்கிட்டு நடக்குறவங்களுக்கு அந்த பெல்லும் கேக்காது.

கரையோரவாசி:
சரி, முழு நீளம் வேணாம். மதகு கிட்டயும் பாலத்தடியிலயும் நெஞ்சு உயரத்துக்காவது போடலாம்ல? மதகு திறந்திருந்தா இழுப்பு பயங்கரமா இருக்கும், அங்க மிதந்தும் பிரயோஜனம் இல்ல.

பெடல்பித்தன்:
மதகுக்கு சரி. பாலத்தடி ஏற்கனவே குறுகல், அங்க வேலி வச்சா ஒருத்தர் இறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போகணும்.

நீச்சல்காரி:
இறங்கித் தள்ளட்டும் தம்பி, பத்து அடிதானே.