ஸ்ட்ரட்ஸ் 2 (ஜாவா வெப் ஃப்ரேம்வொர்க்): மாடல்டிரிவன் போட்டும் திருத்தும் பக்கம் காலியாக வருகிறது

கேள்வி:
ஆக்‌ஷனில் (கோரிக்கையைக் கையாளும் கிளாஸ்) மாடல்டிரிவன் இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் செய்திருக்கிறேன்; படிவ மதிப்புகள் கெட்மாடல் மெத்தட் தரும் ஆப்ஜெக்டில் நேராக ஏற அது உதவுகிறது. புதுப் பயனரைச் சேர்க்கும் படிவம் ஒழுங்காக ஓடுகிறது. திருத்தும் பக்கம்தான் படுத்துகிறது. முக்கிய மெத்தடான எக்ஸிக்யூட்டில் ஐடியை வைத்து டேட்டாபேஸிலிருந்து பயனரை எடுத்து, கெட்மாடல் தரும் அதே ஃபீல்டில் வைக்கிறேன். லாக்கில் பெயர், மின்னஞ்சல் எல்லாம் தெரிகிறது. பக்கத்தைக் காட்டும் ஜேஎஸ்பியில் ஐடி மட்டும் வருகிறது, மற்ற பெட்டிகள் காலி. எக்ஸப்ஷனும் இல்லை.

பதில் 1:
கெட்மாடல் நல் (null) தந்தால் அது வேல்யூ ஸ்டாக்கில் (ஜேஎஸ்பி மதிப்புகளைத் தேடும் ஆப்ஜெக்ட் அடுக்கு) ஏறவே ஏறாது, முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் ஜேஎஸ்பியில் வெறும் 'நேம்' என்பதை 'மாடல்.நேம்' என்று மாற்றினால் என்ன வருகிறது?

கேட்டவர்:
நல் இல்லை, ஃபீல்டிலேயே நியூ போட்டிருக்கிறேன். 'மாடல்.நேம்' என்றால் பெயர் வந்துவிடுகிறது! இதென்ன கூத்து?

பதில் 2:
ஐடி மட்டும் வந்ததிலேயே விடை இருக்கிறது. எக்ஸிக்யூட் ஓடுவதற்கு முன்பே மாடல்டிரிவன் இன்டர்செப்டர் (எக்ஸிக்யூட்டைச் சுற்றி ஓடும் இடைநிலை நிரல்) கெட்மாடலைக் கூப்பிட்டு, அப்போதிருந்த வெற்று ஆப்ஜெக்டை வேல்யூ ஸ்டாக்கின் உச்சியில் ஏற்றிவிடுகிறது. அடுத்து வரும், கோரிக்கையின் மதிப்புகளை ஏற்றும் பாராம்ஸ் இன்டர்செப்டர் ஐடியை அதில்தான் வைக்கிறது. நீங்கள் பிறகு ஃபீல்டில் வேறு ஆப்ஜெக்டை வைத்தாலும் ஸ்டாக்குக்கு அது தெரியாது. 'நேம்' என்றால் ஓஜிஎன்எல் (ஸ்டாக்கில் மதிப்பைத் தேடும் எக்ஸ்பிரஷன் மொழி) உச்சியிலிருக்கும் பழையதைப் பிடிக்கும். 'மாடல்.நேம்' என்றால், பயனர் கிளாஸில் கெட்மாடல் இல்லாததால், கீழேயுள்ள ஆக்‌ஷனுக்கு இறங்கிப் புதியதை எடுக்கும்.

உடனடித் தீர்வு: அந்த ஆக்‌ஷனில் இன்டர்செப்டர்களின் வழக்கமான வரிசையான டிஃபால்ட்ஸ்டாக்கைக் குறிப்பிட்டு, உள்ளே 'மாடல்டிரிவன்.ரெஃப்ரெஷ்மாடல்பிஃபோர்ரிசல்ட்' என்ற பாராமை ட்ரூ ஆக்குங்கள். ஜேஎஸ்பிக்குப் போகுமுன் பழையது நீங்கிப் புதியது ஏறும்.

கேட்டவர்:
வேலை செய்கிறது, நன்றி! சேமிக்கும் ஆக்‌ஷனுக்கும் இதையே போடலாமா?

பதில் 1:
அங்கே இது உதவாது. எக்ஸிக்யூட்டில் டேட்டாபேஸிலிருந்து எடுத்து ஃபீல்டில் வைத்தால் படிவத்தில் வந்த மதிப்புகள் கைவிட்டுப் போகும். படிவ மதிப்புகள் மட்டும் ஏறிய புது ஆப்ஜெக்டை அப்படியே சேமித்தால் படிவத்தில் இல்லாத ஃபீல்டுகள் நல் ஆகிவிடும். பிரிப்பேர் மெத்தட் கொண்ட பிரிப்பேரபிள் இன்டர்ஃபேஸைச் சேர்த்து, பாராம்ஸை இரண்டு முறை ஓட்டும் இன்டர்செப்டர் வரிசையான பாராம்ஸ்பிரிப்பேர்பாராம்ஸ்ஸ்டாக்கைப் பயன்படுத்துங்கள். முதல் சுற்றில் ஐடி வரும், பிரிப்பேரில் பயனரை எடுப்பீர்கள், பிறகு மாடல் ஏறும், இரண்டாம் சுற்றில் படிவ மதிப்புகள் அதன்மேல் விழும். முதல் சுற்றின்போது மாடல் ஸ்டாக்கில் இருக்காது, எனவே ஆக்‌ஷனிலேயே ஐடிக்கு ஒரு செட்டர் (மதிப்பை வைக்கும் மெத்தட்) வேண்டும். ஸ்ட்ரட்ஸ் 7க்கு மாறினால் அந்தச் செட்டர்மேல் ஸ்ட்ரட்ஸ்பாராமீட்டர் அனொட்டேஷனும் வேண்டும்.