பஞ்சமி நிலமா என்று உறுதிசெய்வது எப்படி?

கேள்வி: ஆங்கிலேயர் காலத்தில் அரசு சேரி மக்களுக்குப் பஞ்சமி நிலமாக ஒப்படைத்ததாக ஊரே சொல்லும் நிலம், பட்டாவில் வேறு சாதியார் பெயரில் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில் 1: இணையப் பட்டாவை மட்டும் நம்பாதீர்கள். யூ.டி.ஆர். எனும் நில ஆவணப் புதுப்பிப்பின்போது பல ஊர்களில் பஞ்சமி என்ற குறிப்பு விடுபட்டது. பழைய சர்வே எண்ணைப் பிடித்து, யூ.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டை (ஊரின் நில விவரப் பதிவேடு) பாருங்கள். குறிப்புக் கலத்தில் ‘டி.சி.’ (Depressed Class, ஒடுக்கப்பட்ட வகுப்பு) என்றிருக்கும். வெறும் ‘நிபந்தனை’ என்றிருந்தால் போதாது, ஒப்படை ஆணையும் தேவை.

பதில் 2: செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் 1891 அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் வந்த ஏற்பாடு பஞ்சமி நிலம். முதல் 10 ஆண்டு விற்கவே கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம். மீறிய கிரயம் செல்லாது. நிலம்தான் அம்மக்களுக்கு ஊரில் நிமிர்ந்து நிற்க இடம் தந்தது, விட்டுவிடாதீர்கள்.

பதில் 3: தகவல் உரிமை மனுவில் “பஞ்சமி நிலமா?” என்று கேட்டால் ஒரு வரியில் மறுத்துவிடுவார்கள். சர்வே எண்ணைக் குறித்து, பதிவேட்டின் சான்றிட்ட நகலைக் கேளுங்கள்.