நேட்டாலிலிருந்து வந்த கொள்ளுத்தாத்தா: கப்பல் பதிவு எண் கிடைத்தது, ஆள் பொருந்தவில்லை. உதவி!

பெரம்பூர்_பேத்தி:

வணக்கம். இரண்டு மாதமாக ஒரே சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

என் அப்பாவின் தாத்தா 1928-ல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியவர். 1927 கேப் டவுன் ஒப்பந்தத்துக்குப் பிறகு, ‘திரும்பிப் போகிறேன்’ என்று சொன்ன இந்தியர்களுக்கு ஆளுக்கு 20 பவுண்டு, பிள்ளைகளுக்கு 10 பவுண்டு கொடுத்து அனுப்பினார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருவர். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வந்தவர் சொந்த ஊர் எதற்கும் போகவில்லை. பெரம்பூரிலேயே குடியேறிவிட்டார். தெருவில் இன்றும் எங்கள் வீட்டுக்கு ‘நேட்டால்காரர் வீடு’ என்றுதான் பெயர். ஊர் எது என்று யாராவது கேட்டால் ‘ஆற்காடு ஜில்லா’ என்பாராம், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராதாம். சின்னப் பையனாக இருந்தபோது கப்பலில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பது வீட்டுக் கதை.

இப்போது என்ன அவசரம் என்றால், தை மாதம் தம்பிக்குக் கல்யாணம். முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைக்க வேண்டும், எங்களுக்குக் குலதெய்வம் தெரியாது. பெண் வீட்டார் கேட்டபோது அப்பா ‘மாரியம்மன்’ என்று சொல்லிச் சமாளித்துவிட்டார். எந்த ஊர் மாரியம்மன் என்று அவர்கள் அடுத்துக் கேட்கவில்லை, தப்பித்தோம்.

அத்தையின் டிரங்குப் பெட்டியில் நான்காக மடித்த ஒரு ஆங்கிலக் காகிதம் கிடைத்தது. கொள்ளுத்தாத்தாவின் பெயர், வயது 35, ஐந்து இலக்க எண் ஒன்று. தேதி 1928. கூலி ஒப்பந்தத்தில் நேட்டாலுக்குக் கப்பல் ஏறியவர்களுக்கு ஆளுக்கொரு எண் போட்டு எழுதிய பட்டியலில் அந்த எண்ணைத் தேடினால் 1890-ல் மெட்ராஸிலிருந்து போன 22 வயதுப் பெண் ஒருத்தியின் பதிவு வருகிறது! மூன்றை எட்டாக, ஒன்றை ஏழாக மாற்றிப் போட்டும் பார்த்துவிட்டேன். பெயரை வைத்துத் தேடினால் அதே பெயரில் அறுபது பேருக்கு மேல். என்ன செய்யட்டும்?

ஏட்டுச்சுரைக்காய்:

குமாஸ்தா பிழையாகத்தான் இருக்கும் தங்கச்சி. வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியதுதான் அந்தப் பட்டியல். ஆறுமுகம் ‘ஆர்மூகம்’ ஆவார், முனுசாமி ‘மூன்சாமி’ ஆவார், ஆண் பெண் ஆவதா பெரிய விஷயம்? எண்ணை விடுங்கள், வட ஆற்காடு ஜில்லாவை மட்டும் வடிகட்டிப் பெயரைத் தேடுங்கள். 1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆட்கள் போயிருக்கிறார்கள், பொறுமை வேண்டும்.

டர்பன்_தோட்டத்துவீடு:

சுரைக்காய் அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது, எண்ணைக் கையை விட்டு விடச் சொல்வதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை. பெயர் மாறும், சாதி மாறும், அப்பா பெயர்கூட மாறும். கப்பல் ஏறும் முன் ஆட்களைச் சேர்த்து வைத்த டிப்போவில் கேட்டபோது வாய்க்கு வந்ததைச் சொன்னவர்கள் நிறையப் பேர். எண் மட்டும் மாறாது. சம்பளம், பாஸ், பிள்ளை பிறப்பு, சாவு எல்லாம் அந்த எண்ணில்தான் நடந்தது.

தங்கச்சி, ஒரு கணக்குப் போடுங்கள். 1928-ல் 35 வயது என்றால் பிறந்தது 1893 வாக்கில். கப்பல் போனது 1890-ல். அவர் அதில் எப்படி ஏறியிருப்பார்? அவர் எந்தக் கப்பலிலும் போகவில்லை, அங்கேயே பிறந்தவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காலனியில் பிறந்த பிள்ளைகளின் காகிதத்தில் பெற்றோரின் எண்ணைப் போடுவது வழக்கம். உங்கள் காகிதத்தில் எண்ணுக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது? அதை மட்டும் சொல்லுங்கள்.

பெரம்பூர்_பேத்தி:

அண்ணா, நீங்கள் சொன்ன இடத்தில்தான் மடிப்பு. கிழிந்து, யாரோ எப்போதோ சோற்றுப்பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள், அந்த இடமே பழுப்பாக இருக்கிறது. நான் இத்தனை நாள் அதை வெறும் ‘நம்பர்’ என்றுதான் படித்தேன். நேற்று ராத்திரி அத்தை போன் டார்ச்சைக் காகிதத்துக்குப் பின்னால் பிடிக்க, நான் படித்தேன். ‘நம்பர்’ என்பதற்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடும் எஸ் எழுத்தும் இருக்கிறது. அதற்கு முன்னால் ஆர். அதற்கும் முன்னால் ஒன்றும் தெரியவில்லை. யாரோ ஒருவ‘ருடைய’ நம்பர்!

டர்பன்_தோட்டத்துவீடு:

இங்கிலீஷில் அப்பாவுக்கும் (ஃபாதர்) ஆரில் முடியும், அம்மாவுக்கும் (மதர்) ஆரில் முடியும். ஆனால் பட்டியலில் அந்த எண்ணில் இருப்பது பெண். அப்படியென்றால் முடிந்தது கதை, அது ‘மதர்ஸ் நம்பர்’. நீங்கள் இரண்டு மாதமாகத் தவறான ஆள் என்று தள்ளிக்கொண்டிருந்தவர் உங்கள் எள்ளுப்பாட்டி.

பெரம்பூர்_பேத்தி:

கை நடுங்குகிறது அண்ணா. அந்தப் பக்கத்தைப் பத்துத் தடவையாவது திறந்து மூடியிருப்பேன்.

அவர் தனியாகப் போயிருக்கிறார். கணவன் என்று யாரும் பட்டியலில் இல்லை. அப்பா பெயர் இருக்கிறது. அங்க அடையாளம்: வலது முன்கையில் பச்சை. வேலைக்கு அனுப்பிய இடம் வெருலம் பக்கம் ஒரு கரும்புத் தோட்டம். ஜில்லா வட ஆற்காடு, தாலுகா ‘கார்வெட்நக்கர்’, கிராமம் ‘பூட்டூர்’ (பி, இரண்டு ஓ, ஒரே டி, இரண்டு ஓ, ஆர்). வேலூர் பக்கம் அப்படி ஒரு தாலுகாவே இல்லையே? அப்புறம் கொள்ளுத்தாத்தாவின் அப்பா யார்? அதற்கும் எண் இருக்குமா?

ரேணிகுண்டா_ஜங்ஷன்:

வேலூரில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அன்றைய வட ஆற்காடு வேறு, நம் வட ஆற்காடு வேறு. சித்தூர், சந்திரகிரி, திருப்பதி, காளஹஸ்தி எல்லாம் அன்று வட ஆற்காடு ஜில்லாதான். ஜில்லாத் தலைநகரே சித்தூர். 1911-ல்தான் சித்தூரைத் தனி ஜில்லாவாகப் பிரித்தார்கள். ‘கார்வெட்நக்கர்’ என்பது கார்வேட்டிநகரம் ஜமீன். திருத்தணியும் அதில் இருந்தது, புத்தூரும் அதில் இருந்தது. பிற்பாடு ம.பொ.சி. வடக்கெல்லைப் போராட்டமெல்லாம் நடத்தி, 1960-ல் திருத்தணி நம் பக்கம் வந்தது, புத்தூர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது.

அதனால் உங்கள் ‘பூட்டூர்’ இரண்டில் ஒன்று. ரேணிகுண்டாவுக்கும் அரக்கோணத்துக்கும் நடுவில் ரயில் நிற்குமே, எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர்போன ஊர், அந்தப் புத்தூர். இல்லையென்றால் திருத்தணி பக்கம் ஏதாவது ஒரு புதூர். புத்தூர் என்றால் பிழைத்தீர்கள், புதூர் என்றால் திண்டாட்டம்தான், நாலு ஊருக்கு ஒரு புதூர் இருக்கிறது. வீட்டில் பெரியவர் தெலுங்கு ஏதாவது பேசினாரா?

பெரம்பூர்_பேத்தி:

அத்தையைக் கேட்டேன். காசு எண்ணும்போது மட்டும் ‘ஒகட்டி, ரெண்டு, மூடு’ என்று எண்ணுவாராம்!

டர்பன்_தோட்டத்துவீடு:

அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நேட்டால் தோட்டங்களில் தமிழரும் தெலுங்கரும் பக்கத்துப் பக்கத்து லைனில் இருந்தவர்கள். அவர் பக்கத்து வீட்டில்கூடக் கற்றிருக்கலாம். பெரம்பூரிலும் கற்றிருக்கலாம்.

அப்பா விஷயம். காகிதத்தில் அம்மாவின் எண் மட்டும் இருப்பதற்குக் காரணம் எத்தனையோ. நம் சடங்குப்படி தாலி கட்டியதை அங்கே சட்டம் மதிக்காத காலம் அது, 1913-ல் நீதிபதி சேர்ல் கொடுத்த தீர்ப்பில் அது வெட்டவெளிச்சமாகி, பெண்களும் போராட்டத்தில் இறங்கி ஜெயிலுக்குப் போனார்கள், மறு வருஷம்தான் சட்டம் மாறியது. பதிவு செய்யாத கல்யாணத்துப் பிள்ளை என்றும் இருக்கலாம், அப்பா கூலி ஒப்பந்தத்தில் வராதவர், அதனால் எண்ணே இல்லாதவர் என்றும் இருக்கலாம். தனியாகக் கப்பல் ஏறிய பெண் என்றதும் நம் ஆட்கள் உடனே ஒரு கதை கட்டுவார்கள், நீங்கள் கட்டாதீர்கள். 100 ஆணுக்கு 40 பெண் என்று கணக்கு வைத்துத்தான் கப்பலை அனுப்பினார்கள், அப்படித் தனியாகப் போன பெண்கள் நிறைய.

அவருடைய எண்ணை வைத்து இந்தியக் குடியேறிகள் இலாகாவின் காகிதங்களில் தேட வேண்டும். அவை பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கல்யாணப் பதிவோ பிள்ளை பிறப்போ இருந்தால் அப்பா பெயர் வரும். அடுத்த மாதம் அந்தப் பக்கம் போகிறேன், எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், பொதுவில் போட வேண்டாம்.

மணியக்காரர்_பேரன்:

ஊர்க் கணக்கில் தேடப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரயத்துவாரி கிராமமாக (ஜமீன் இல்லாமல் அரசே உழவரிடம் வரி வாங்கிய ஊர்) இருந்தால் செட்டில்மெண்ட் பதிவேடு என்று ஒரு நிலக் கணக்கை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பார்க்கலாம். கார்வேட்டிநகரம் ஜமீன் பூமி, 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசு நேரடியாக அளந்து கணக்கு எழுதியது. 1890-ல் கூலிக்குப் போனவர் பெயரில் நிலமும் இருந்திருக்காது. அந்த வழியில் நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:

நான் சொன்னது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். குலதெய்வம் அப்பா வழியில்தானே? நீங்கள் கண்டுபிடித்திருப்பது அம்மாவின் ஊர். பத்திரிகைப் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது.

பெரம்பூர்_பேத்தி:

அதே கேள்வியை அப்பாவும் கேட்டார் அண்ணா. அத்தைதான் பதில் சொன்னார்: ‘தனியாக் கடல் தாண்டிப் போய்ப் பெத்து வளர்த்தவ அவதானே, அவ ஊர்ல வை.’ அப்பா அதற்கு மேல் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் மூன்று பேரும் புத்தூர் போகிறோம். ஊர் அதுதானா என்று நிச்சயமில்லை என்று அத்தையிடம் சொல்லியாயிற்று, அவர் காதிலேயே வாங்கவில்லை, தேங்காய் பழமெல்லாம் இன்றைக்கே வாங்கி வைத்துவிட்டார். டர்பன் அண்ணா, எண்ணை அனுப்பிவிட்டேன், பாருங்கள். ரேணிகுண்டா அண்ணா, புத்தூர் ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் போக ஆட்டோ கிடைக்குமா? அத்தைக்கு முழங்கால் வலி, ரொம்ப தூரம் நடக்க முடியாது.

ரேணிகுண்டா_ஜங்ஷன்:

கிடைக்கும் அம்மா. கட்டுப் போட்டுக்கொள்ள வருகிறவர்கள் என்று நினைத்து அவர்களே ஓடி வருவார்கள்.