வீட்டில் புளிக்கவைக்கும் எலுமிச்சைச் சோடாவுக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா?

பாலக்கோட்டான்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: 'இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை போதும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றுங்கள், தானாகப் பொங்கும்.' படித்ததும் எரிச்சல்தான் வந்தது. நம் குழாயில் வருவது ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர். குளோரின் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். கிருமியைக் கொல்லப் போடும் மருந்து இஞ்சித் தோலில் இருந்து சோடாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட்டை மட்டும் விட்டுவைக்குமா? காய்ச்சி ஆறவைத்து ஊற்றுங்கள். இல்லையென்றால் அகலமான பாத்திரத்தில் ஒரு ராத்திரி திறந்து வையுங்கள், குளோரின் போய்விடும்.

தென்பெண்ணைக்கரை:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே கேட்கலாமே, எதற்கு 'ஒருவர்'? எங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர்தான். நேற்றுக்கூட மூடியைத் திருகியதும் உஸ்ஸென்று சீறி, நுரை கைமேல் வழிந்தது. குளோரின் கொன்றிருந்தால் அந்த நுரை எங்கிருந்து வந்தது? சொல்லுங்கள்.

பாலக்கோட்டான்:
உங்கள் வீடு தொட்டியிலிருந்து தள்ளி இருக்கும். வந்து சேர்வதற்குள் குளோரின் குறைந்திருக்கும். மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பவர் குடத்தைத் திறந்தாலே பிளீச்சிங் பவுடர் வாசனை அடிக்கிறது. அவருக்கும் 'அப்படியே ஊற்று' என்பீர்களா?

ஓசூர் அக்கா:
போர் தண்ணீர் ஊற்றினால் இந்தத் தகராறே இல்லையே.

பாலக்கோட்டான்:
அக்கா, தர்மபுரி போர் தண்ணீரைப் பற்றித் தெரிந்துதான் பேசுகிறீர்களா? புளோரைடால் பல்லில் காவி ஏறிய தலைமுறை இங்கே இருக்கிறது. அதற்காகத்தான் ஒகேனக்கல் திட்டமே வந்தது, 2013இல் தண்ணீர் விட்டார்கள். காய்ச்சினால் குளோரின் போகும், புளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும்.

ஓசூர் அக்கா:
நான் ஊற்றுவது என் வீட்டுப் போர் தண்ணீரை. தர்மபுரி கதையை என்னிடம் ஏன் சொல்கிறீர்கள்? மாங்காய் வினிகர் பற்றி எழுதியபோதும் இப்படித்தான் என்மேல் பாய்ந்தீர்கள். மறக்கவில்லை தம்பி.

மாங்கனி:
தண்ணீரை விடுங்கள். எலுமிச்சையை எப்போது பிழிவது? முதல் நாளே ஜாடியில் பிழிந்தால் புளிப்பில் ஈஸ்ட் மந்தமாகிவிடும். நான் இஞ்சியைத் தோலோடு தட்டி ஜாடித் தண்ணீரில் போட்டு, தினம் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் கொஞ்சம் இஞ்சியும் சேர்த்துக் கிளறுவேன். ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழி ஏறி, கலக்கினால் சீறும்போது வடிகட்டுவேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 80 கிராம் சர்க்கரை, இரண்டு எலுமிச்சை, வடிகட்டிய இஞ்சித் தண்ணீர் கால் டம்ளர்.

பாலக்கோட்டான்:
அந்த ஒரு லிட்டர் எந்தத் தண்ணீர்? அதைச் சொல்லவே இல்லையே.

தென்பெண்ணைக்கரை:
கோலி சோடா போட்டவர்கள் எல்லாம் தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டா இருந்தார்கள்?

பாலக்கோட்டான்:
கோலி சோடா புளிக்கவைத்ததே இல்லை. சிலிண்டரில் வரும் கார்பன் டை ஆக்சைடை மெஷினில் ஏற்றுவது. அழுத்தத்தில் கோலி மேலே ஏறி ரப்பர் வளையத்தை அடைக்கும், அவ்வளவுதான். அங்கே ஈஸ்ட்டே கிடையாது, குளோரின் யாரைக் கொல்லும்? இதுகூடத் தெரியாமல் ஊருக்கு உபதேசம் செய்யாதீர்கள். இன்னொன்று, கண்ணாடிப் பாட்டிலில் அடைக்கச் சொன்னதும் நீங்கள்தான். சித்திரை வெயிலில் ஒரே நாளில் அழுத்தம் ஏறி வெடிக்கலாம். பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி அமுக்கிப் பாருங்கள். கல்லாக இறுகியதும் ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். பிள்ளைகள் நடமாடும் சமையலறை அது.

தென்பெண்ணைக்கரை:
என் பாட்டில் இதுவரை வெடித்ததில்லை.

மாங்கனி:
இதில் போதை ஏறுமா என்று வீட்டில் மாமியார் கேட்கிறார். யாராவது சொல்லுங்கள்.

பாலக்கோட்டான்:
புளித்தால் கொஞ்சம் ஆல்கஹால் இருக்கத்தான் செய்யும். ஒன்றிரண்டு நாளில் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் சொற்பம், நாள் ஆக ஆகக் கூடும். ஆனால் தென்பெண்ணைக்கரை இன்னும் பதில் சொல்லவில்லை. தொட்டிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்வது?

தென்பெண்ணைக்கரை:
என் வீட்டுக்கு வந்து குடித்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். குழாய்த் தண்ணீர்தான். அப்படியேதான்.

பாலக்கோட்டான்:
வருகிறேன். பிளீச்சிங் வாசனை அடிக்கிற நாளில் போட்டு வையுங்கள்.